லென்ஸ் வாங்குவதும் வார்த்தையை விடுவதும்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். அதில் கடைசி இருபது வருடமும் தரம் பிரிக்கும் மேஜைதான். சூளையிலிருந்து இறங்கும் கோப்பை, ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாம் என் கைக்கு வந்துதான் போகும். இடது கையில் தூக்கிப் பிடித்து வலது கை விரல் கணுவால் ஒரு தட்டு. நல்ல கோப்பை மணி மாதிரி பேசும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போயிருக்கும். நிமிடத்துக்கு எத்தனையோ கோப்பை. நல்லது ஒரு பக்கம், செகண்ட்ஸ் ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இருபது வருடம் குறையை மட்டுமே தேடிய கண்ணும் காதும், ஓய்வு பெற்ற மறுநாள் வேறு வேலைக்குப் போய்விடாது. நல்லூருக்கு வந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோதும் அந்தப் பழக்கம் என்னோடுதான் இருந்தது. சாம்பாரில் தட்டிப் பார்த்தேன், பேரன் கையெழுத்தில் தட்டிப் பார்த்தேன். வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். வெளியில் அப்படித் தட்டியதில் ஒன்று உடைந்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

போட்டோ பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. முதல் கேமரா ஆக்ஃபா கிளிக் த்ரீ. ரோல் போட்டால் பன்னிரண்டு படம், அவ்வளவுதான். மாற்றுவதற்கு லென்ஸ் கிடையாது. வெயில், மேகம் என்று சின்னச் சின்னக் குறி போட்டிருக்கும், அதைத் திருப்பி வைத்து அமுக்க வேண்டியதுதான். கிட்டே வேண்டுமானால் நாம் கிட்டே போக வேண்டும், தூரம் வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். காலே ஜூம் லென்ஸ். ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு டிஜிட்டல் கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கினேன். அதோடு பக்கத்து ஊர் போட்டோ ஆர்வலர்கள் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தேன். கல்யாண வீட்டுப் போட்டோகிராபர்கள், கல்லூரிப் பையன்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் அதில் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு பையன். டிப்ளமா முடித்துவிட்டு ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை பார்க்கிறான். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் ராத்திரி அவன் அந்தக் குழுவில் ஒரு படம் போட்டான். சூளை வாசலில் ஒரு தொழிலாளி, தலையில் துண்டு, முகத்தில் பாதி வெளிச்சம். கேமராவோடு கூடவே வரும் 18-55 லென்ஸில் எடுத்திருந்தான். படம் முழுக்கப் புள்ளி. கை லேசாக ஆடியிருந்தது. காது நுனி கூர்மையாக இல்லை.

நான் எழுதினேன்: "நாய்ஸ், ஷேக், ஃபோகஸ் மூன்றும் போச்சு. இதை டெலிட் பண்ணிடு தம்பி."

கோப்பையைத் தட்டி உடைசல் பக்கம் தள்ளுகிற அதே வேகம். அதற்குக் கீழே மற்றவர்கள் வரிசை கட்டினார்கள். ஒருவர், ஃபுல் ஃப்ரேம் இல்லாமல் இருட்டில் எடுக்க வரக்கூடாது என்றார். இன்னொருவர், கிட் லென்ஸை வைத்துக்கொண்டு போட்டோகிராபர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லையா என்று கேட்டார். சிரிக்கிற பொம்மைகள் ஏழெட்டு. அரை மணி நேரத்தில் பையன் படத்தை எடுத்துவிட்டான். நானும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து எங்கள் ஊரில் ஒரு சாவு. என்னோடு சூளையில் வேலை பார்த்தவர், என்னைவிட நான்கு வயது சின்னவர். மாலை வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் ஆதார் அட்டைப் படம். முழித்த கண், உதட்டை இறுக்கி, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி. அவர் அப்படிப்பட்ட ஆளே கிடையாது. சிரிக்காமல் அவருக்கு ஒரு வார்த்தை பேச வராது.

பக்கத்தில் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான். "அந்த சூளை போட்டோ, இவருதான் பெரியப்பா."

எனக்குக் கை கால் ஓடவில்லை. இருபது வருடம் கூட வேலை பார்த்த மனிதரை அந்தப் படத்தில் நான் அடையாளமே கண்டுகொள்ளவில்லை. புள்ளியைப் பார்த்தேன், ஆட்டத்தைப் பார்த்தேன், காது நுனியைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரிஜினல் இருக்காப்பா?" என்று கேட்டேன். "டெலிட் பண்ணச் சொன்னீங்களே, பண்ணிட்டேன்" என்றான். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது நான் சொன்ன தொழில்நுட்ப விஷயம் சரியா தப்பா என்று பார்ப்போம். சரிதான். அதில்தான் நமக்கெல்லாம் பாடம் இருக்கிறது. கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப் 5.6-க்குக் கீழே திறக்காது. 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் என்றால் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் எண்ணில் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, இதுதான் கணக்கு. பத்து மடங்கு வெளிச்சம் கிடைத்தால் ஐ.எஸ்.ஓ-வையும் குறைக்கலாம், ஷட்டரையும் வேகப்படுத்தலாம். புள்ளியும் போகும், ஆட்டமும் போகும். இதை அன்று நான் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்: "படத்தைப் பத்திரமாக வை. இந்த மாதிரி வெளிச்சத்துக்கு 50 மி.மீ எஃப் 1.8 ஒன்று கிடைத்தால் போட்டுப் பார்." அறிவும் அதேதான், செலவாகும் நேரமும் அதேதான். வார்த்தைதான் வேறு.

அதோடு விஷயம் முடியவில்லை. பையன் மனதில் அன்று ஏறிய கேலி இறங்கவே இல்லை. சாவு நடந்து கொஞ்ச நாளில் அவன் அம்மா என் மனைவியிடம் வந்து அழுதிருக்கிறார். 70-200 எஃப் 2.8 லென்ஸ் வாங்கப் போகிறானாம். லட்சத்துக்கு மேல் விலை. பாதி இ.எம்.ஐ, பாதிக்கு அம்மாவின் நகை அடகு. "அது இல்லாட்டி யாரும் மதிக்க மாட்டாங்களாம்" என்று சொன்னானாம். "ஏங்க, நீங்களாச்சும் அவனுக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்றாள் என் மனைவி. நான்தான் ஆரம்பித்து வைத்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

கூப்பிட்டு உட்கார வைத்தேன். வாங்காதே என்று சொல்லவில்லை. "நீ எடுத்ததில் உனக்கே பிடித்த நூறு படத்தைக் கொண்டு வா" என்றேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை மி.மீட்டரில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிந்திருக்கும். உட்கார்ந்து எண்ணினோம். பாதிக்கு மேல் 18-லிருந்து 35-க்குள். மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் குளிக்கிற ஜனம், வில்வவனேஸ்வரர் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள், பீங்கான் காய வைத்திருக்கும் பலகை வரிசை. எல்லாம் கிட்டேபோய் எடுத்தவை. தூரத்திலிருந்து இழுத்து எடுத்தது ஏழோ எட்டோதான்.

"70-200 என்ன எடை தெரியுமா? ஒன்றரைக் கிலோ பக்கம் வரும். அதைத் தூக்கிக்கொண்டு நீ எந்தப் படத்தை எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். அவன் யோசித்தான்.

லென்ஸ் தேர்வுக்கு என் வழி இதுதான். எது நல்ல லென்ஸ் என்று கேட்காதீர்கள். எதை எடுக்கப் போகிறேன், எங்கே நின்று எடுக்கப் போகிறேன், அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று உங்களையே கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் லென்ஸ் பெயர் தானாக வரும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நம்மில் பலர் வைத்திருப்பது சின்ன சென்சார் கேமரா. அதில் 50 மி.மீ போட்டு, நிற்கிற ஒரு ஆளைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு முழுசாக எடுக்க ஏறக்குறைய பதினான்கு அடி பின்னால் போக வேண்டும். நம் ஊர் வீட்டுக் கூடத்தில் பதினான்கு அடிக்கு எங்கே போவது? சுவரை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். 35 மி.மீ என்றால் பத்தடி போதும். 18 மி.மீ என்றால் ஐந்தடி. ஆனால் ஐந்தடியில் நின்று எடுத்தால் கிட்டே இருக்கும் கை பெரிதாகவும் தள்ளி இருக்கும் கால் சின்னதாகவும் தெரியும். அது லென்ஸின் குற்றமில்லை, நாம் அவ்வளவு கிட்டே நிற்பதன் விளைவு. ஆகவே வீட்டு விசேஷத்துக்கு 35, முகம் மட்டும் எடுக்க 50, கோபுரத்துக்கும் கூட்டத்துக்கும் 18, நீர்ப்பறவைக்கு 250-க்கு மேல். நீள லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் 1/400-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதிலும் தப்பில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் அது பூஞ்சை, தொடாதீர்கள். மழைக்காலத்தில் கேமரா பையை மூடியே அலமாரியில் வைத்தால் நல்ல லென்ஸிலும் அது வரும். மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நூறு ரூபாய் வேலை. லட்ச ரூபாய் லென்ஸைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இந்த நூறு ரூபாயைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

லென்ஸ்தான் படத்தை எடுக்கிறது என்று நினைப்பவர்களுக்கு மூன்று பேரை ஞாபகப்படுத்துகிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்கார கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுக்க நினைத்தார். அவ்வளவு நீளத்தையும் ஒரே படத்தில் அடக்க வழி இல்லை. அவர் என்ன செய்தார்? கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதுவும் காகித நெகட்டிவில்.

ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுக்காரர். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள திருவண்ணாமலையில்தான் இருந்தார். வாழ்நாள் முழுக்க அவர் பெரும்பாலும் நம்பியது ஒரு சின்ன லைக்காவையும் 50 மி.மீ லென்ஸையும்தான்.

மூன்றாமவர் நம் சென்னைக்காரர் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களை இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவருடைய கேமராவோ உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மிச்சம் எல்லாம் அவரே சேர்த்துக் கட்டியது. இன்று நம் குழுவில் அந்தக் கேமராவின் படத்தைப் போட்டால் நம் ஆட்கள் என்னவெல்லாம் எழுதுவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சண்டை வருகிறது? நான் யோசித்ததில் இரண்டு காரணம் படுகிறது. ஒன்று, லென்ஸ் என்பது வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்குகிற பொருள். ஒருவன் கேனான் வாங்கியிருப்பான், இன்னொருவன் நிக்கான். அடுத்தவன் பொருள் நல்லது என்று ஒப்புக்கொண்டால் தன் பணம் வீணாகிவிட்டது போல ஒரு பயம். அந்தக் காலத்து எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர் சண்டையில்கூட டிக்கெட் காசு மட்டும்தான் போயிற்று. இங்கே போவது ஒரு வருடச் சேமிப்பு.

இரண்டாவது, எதிரில் முகம் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பையனிடம் நான் அதையே சொல்லியிருந்தால், அவன் முகம் வாடுவதைப் பார்த்திருப்பேன். உடனே "அதில்லப்பா" என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பேன், ஒரு டீ சொல்லியிருப்பேன். செல்போனில் முகம் வாடுவது தெரியாது. நம் வார்த்தை போய் விழுந்த சத்தம் நமக்குக் கேட்பதில்லை. தட்டினால் பதில் சொல்லும் கோப்பை கூட இல்லை அது.

அப்படியானால் எல்லோருடைய படத்துக்கும் "சூப்பர்", "அருமை" என்று போட்டுவிட்டுப் போய்விடலாமா? அதையும் நான் ஒப்பமாட்டேன். ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு படத்தைப் போட்டுவிட்டு நம் கருத்துக்காகக் காத்திருக்கிறார். பார்க்காமலேயே "சூப்பர்" போடுவதும் ஒரு அவமரியாதைதான். அதில் அவர் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. கேலிக்குப் பயந்து பொய்ப் பாராட்டில் ஒளிந்துகொண்டால், அந்தக் குழு கொஞ்ச நாளில் வெறும் காலை வணக்கக் குழு ஆகிவிடும். குறையைச் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

நான் எனக்கு வைத்துக்கொண்ட சில கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன். முதலில் படத்தில் யார் இருக்கிறார், என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிய பிறகுதான் குறைக்குப் போவேன். குறையைச் சொன்னால் அதற்கு வழியும் கூடவே சொல்வேன். வழி தெரியாவிட்டால் குறையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கையில் பிடித்துப் பார்க்காத லென்ஸைப் பற்றி நல்லதும் பேசமாட்டேன், கெட்டதும் பேசமாட்டேன். ஒருவர் வைத்திருக்கும் கேமராவின் விலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேட்காதவருக்கு எல்லோர் முன்னாலும் புத்தி சொல்வதில்லை, தேவையென்றால் தனியாக அனுப்புவேன். வாக்குவாதம் சூடாகிவிட்டால் மறுநாள் காலை வரை பதில் எழுதமாட்டேன். சூளையிலிருந்து எடுத்ததைச் சூட்டோடு குளிர்ந்த காற்றில் வைத்தால் வெடித்துவிடும் என்று தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போனது ஆச்சரியம்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமும் படத்தை டெலிட் பண்ணச் சொல்வதில்லை. அந்தப் படத்தில் இருக்கும் மனிதர் அவர்களுக்கு யார் என்று நமக்குத் தெரியாது.

"இது என்ன சார், ஒரு போட்டோவுக்கு இவ்வளவு நீதி நியாயமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டவர் நல்ல போட்டோகிராபர். தன் குரு தன்னைத் திட்டித் திட்டித்தான் வளர்த்தார் என்றார். உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் குரு திட்டிவிட்டு மறுநாள் காலை தன் கேமராவையே கையில் கொடுத்து, "போய் எடுத்துட்டு வா" என்று அனுப்பியிருப்பார். திட்டு மட்டும் கொடுத்து கேமரா கொடுக்காத நமக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

பையன் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 70-200 வாங்கவில்லை. என்னிடம் இருந்த 50 மி.மீ எஃப் 1.8-ஐ மூன்று மாதம் அவனிடம் கொடுத்து வைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் சம்பளத்திலேயே ஒரு 35 மி.மீ வாங்கினான். "வீட்டுக்குள்ள எடுக்க உங்களுது ரொம்ப டைட்டா இருக்கு பெரியப்பா" என்றான். சரியான காரணம். அம்மாவின் நகை அம்மாவிடமே இருக்கிறது.

அந்தச் சூளைப் படத்துக்காக, குழுவில் இருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். எதற்கென்று கேட்டவர்களிடம் காரணத்தை மறைக்கவில்லை. கடைசியில் ஒருவருடைய செல்போனில் தானாகவே இறங்கி உட்கார்ந்திருந்தது. வாட்ஸ்அப் சுருக்கிய சின்னப் பிரதி. பெரிதாகப் போட்டால் கட்டம் கட்டமாக உடையும். ஆறுக்கு எட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள். ஒரிஜினல் இருந்திருந்தால் சுவர் அளவுக்குப் போட்டிருக்கலாம்.

கண்ணாடிச் சட்டம் போட்டு நானும் பையனும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மனைவி வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். ஆதார் படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, "இதுலதான் அவரு அவரு மாரி இருக்காரு" என்றார். புள்ளி இருப்பதையோ கை ஆடியிருப்பதையோ அந்த வீட்டில் யாரும் இதுவரை சொல்லவில்லை.

அன்று ராத்திரி குழுவில் என் பழைய வார்த்தைக்குப் பையனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தானே திருப்பி எடுக்க வேண்டும். அவன் பதில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலை ஒரு புதுப் படத்தைப் போட்டான். மணிமுத்தாற்று மணலில் ஒரு சின்னப் பெண், லேசாக ஆடியிருந்தது. நான் முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன்.